ஜனவரியில் கிளம்பாதீர்கள்

கேள்வி: நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில், பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். வயது 35. வருகிற ஏப்ரலில் இங்கே பத்து வருஷம் முடிகிறது. சொந்த ஊர் நாசரேத் பக்கம். தென்மேற்கு உகாண்டாவில், மலைப்பகுதியில் இருக்கும் ஒரு மிஷன் மருத்துவமனையில் மூன்று வருஷம் பணியாற்ற அழைத்திருக்கிறார்கள். பிரசவ வார்டு பொறுப்பு, கூடவே நர்சிங் மாணவிகளுக்குப் பயிற்சி. ஜனவரியில் வரச் சொல்கிறார்கள். கணவர் உதவி பெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியர். "உனக்கு அழைப்பு இருந்தா நானும் வாறேன்" என்கிறார். மகள் ஆறாம் வகுப்பு. மகனுக்கு நாலு வயது. மாமியார் ஊரில் தனியாக இருக்கிறார், சர்க்கரை நோய் உண்டு. நாத்தனார் கோயம்புத்தூரில். சபையில் எல்லோரும் பாக்கியம் என்கிறார்கள். என் அம்மா மட்டும் "இங்க இல்லாத ஊழியமா அங்க இருக்கு?" என்று கேட்கிறார். மாமியாருக்கும் எனக்கும் ஒத்துப்போவதில்லை. இது ஆண்டவரின் அழைப்பா, வீட்டிலிருந்து தப்பிக்கிற ஆசையா என்று சில ராத்திரி சந்தேகம் வருகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது சரிதானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டும் கலந்திருக்கலாம். மிஷனெரிக் குடும்பங்களைப் பணித்தளத்துக்குப் போகுமுன்பும் திரும்பி வந்தபின்பும் சந்தித்துப் பேசுவதுதான் என் வேலை. கலப்பில்லாத காரணத்தோடு கிளம்பியவர் என்று ஒருவரையும் என்னால் காட்ட முடியாது. மாமியாரோடு மனஸ்தாபம் இருக்கிறது என்று எழுதத் துணிந்தவரைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு வேறெதுவும் பேச மறுப்பவர்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கும்.

அழைப்பை எடைபோட்டுச் சொல்ல நான் யார்? அது நீங்களும் கணவரும் உங்கள் குருவானவரோடு உட்கார்ந்து ஜெபித்து முடிவு செய்ய வேண்டியது. என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: ஜனவரியில் கிளம்பாதீர்கள், மூன்று வருஷத்துக்கு ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். மே மாதம் போங்கள், இரண்டு வருஷத்துக்கு. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் கணவருக்கு அங்கே என்ன வேலை என்பது கிளம்புமுன் எழுத்தில் வந்துவிட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் உங்களுக்கான வேலை தெளிவாக இருக்கிறது. மகள், மகன், மாமியார், நாத்தனார், அம்மா எல்லோரும் இருக்கிறார்கள். கணவர் அங்கே போய் என்ன செய்வார் என்பது மட்டும் இல்லை. இங்கே அவர் தெருவில் இறங்கினால் பத்துப் பேர் "வணக்கம் சார்" என்பார்கள். அங்கே மருத்துவமனை வளாகத்துக் குவார்ட்டர்ஸில், காலை ஏழு மணிக்கு நீங்கள் வார்டுக்குப் போனபிறகு, தண்ணீர் டேங்க் நிறைந்ததா என்று பார்ப்பதும், நாலு வயதுப் பையனுக்குச் சோறு ஊட்டுவதும், கரண்ட் வரும்வரை காத்திருப்பதும் அவர் வேலையாகிவிடும். முதல் இரண்டு மாதம் புது ஊர் பார்க்கிற உற்சாகத்தில் ஓடிவிடும். அதற்குப் பிறகு சாப்பாடு சரியில்லை, வார்டில் உனக்கு மரியாதை இல்லை, பையன் மெலிந்துவிட்டான் என்று வேறு வேறு வடிவத்தில் அந்த வேலையில்லாத வெறுமை வெளியே வரும். மனைவியின் அழைப்புக்காகக் கூடப் போன நல்ல மனிதர்கள் இப்படிக் கசந்துபோய்த் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் விசுவாசத்தில் குறைந்தவர்கள் அல்ல. சும்மா இருக்கப் பழகாதவர்கள், அவ்வளவுதான்.

உங்களோடு சார்ந்து வருபவர் என்ற அனுமதியில் அவர் உகாண்டாவுக்குள் நுழைந்தால், அங்கே சட்டப்படி வேலை செய்ய முடியாது. அவருக்கென்று தனி வேலை அனுமதி வாங்க வேண்டும். மிஷன் மருத்துவமனைகளைச் சுற்றி பெரும்பாலும் சபைப் பள்ளிகள் இருக்கும். அங்கே பள்ளியில் போதனாமொழி ஆங்கிலம். மேல்நிலை வகுப்புக்குக் கணக்கு நடத்த ஒரு நல்ல ஆசிரியர் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லும் தலைமையாசிரியர் எந்த நாட்டிலும் இருக்க மாட்டார். எனவே மருத்துவமனைக்கு எழுதும் அடுத்த கடிதத்தில் உங்கள் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். இங்கே அவருடைய பள்ளியிலும், சம்பளமில்லா விடுப்புக்கு நிர்வாகமும் கல்வித்துறையும் கையெழுத்துப் போட்ட உத்தரவு வேண்டும். தாளாளர் தோளைத் தட்டி "போயிட்டு வாங்க சார், பாத்துக்கலாம்" என்பதை நம்பி விமானம் ஏற வேண்டாம்.

1990களில், இந்தியா உட்பட 14 நாடுகளிலிருந்து அனுப்பப்பட்ட மிஷனெரிகள் ஏன் இடையிலேயே திரும்புகிறார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நம்மைப் போல் புதிதாக ஆள் அனுப்பத் தொடங்கிய நாடுகளில், அனுப்பிய சபையின் ஆதரவு போதாமை முன்வரிசையில் வந்தது. அனுப்பிய அமைப்போடும் கூட வேலை செய்பவர்களோடும் ஒத்துப்போகாததும் அந்தப் பட்டியலில் மேலேயே இருந்தது. பழைய அனுப்பும் நாடுகளில் பிள்ளைகளின் தேவை முக்கியமான காரணமாக இருந்தது. நம் ஆட்களும் பிள்ளைகளுக்காகத் திரும்புவது உண்டு. ஆனால் ஜெபக் கடிதத்தில் அதை எழுத வெட்கப்படுவார்கள், "ஆண்டவர் புதிய வாசலைத் திறந்தார்" என்று எழுதிவிடுவார்கள்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். மகனைப் பற்றிக் கவலை வேண்டாம். நாலு வயதுக்காரன் அப்பா அம்மா இருக்கும் இடத்தில் வளர்வான். ஆறு மாதத்தில் உங்களுக்கே அந்த ஊர்ப் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்வான். மகள்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியவள்.

ஜனவரியில் போய் மூன்று வருஷம் கழித்து ஜனவரியில் திரும்பினால், அவள் வயதுப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் பாதிக்கு மேல் முடித்திருப்பார்கள். ஜூனில் நேராகப் பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வு. 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின்படி அதில் தமிழ் கட்டாயம். மூன்று வருஷம் தமிழில் ஒரு கட்டுரைகூட எழுதாத பெண், செய்யுளும் இலக்கணமுமாக ஒரே வருஷத்தில் மூச்சுத் திணறுவாள். அதுவும் பதினாலு வயதில், தோழிகள் எல்லோரும் மாறிப்போன ஒரு வகுப்பில்.

இப்போது என் கணக்கைப் பாருங்கள். ஏப்ரலில் ஆறாம் வகுப்பு ஆண்டுத் தேர்வை எழுதி முடிக்கட்டும். உகாண்டாவில் பள்ளி ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ இரண்டாம் பருவம் திறக்கும். அங்கே ஆரம்பப் பள்ளி ஏழு வகுப்பு. ஆறாவதில் சேர்ந்தால் அடுத்த ஆண்டு ஏழாவது, அந்த நவம்பரில் ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வு. ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூகவியல் என்று நாலு பாடம்தான். அதை அவள் எழுதட்டும், ஒரு கட்டத்தை ஒழுங்காக முடித்த திருப்தி இருக்கும். அதன்பிறகு உள்ளூர் வழக்கப்படி உயர்நிலைப் பள்ளி என்றால் பெரும்பாலும் விடுதிதான். அங்கே அனுப்ப வேண்டாம். கடைசி நாலைந்து மாதம் வீட்டிலேயே நம் எட்டாம் வகுப்புத் தமிழையும் கணக்கையும் அப்பா சொல்லிக்கொடுக்கட்டும்; பாடப்புத்தகங்களை அரசு தளத்திலிருந்தே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். மே மாதம் திரும்பினால் ஜூனில் ஒன்பதாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்கு முன் முழுசாக இரண்டு வருஷம் கையில் இருக்கும்.

இந்தக் குழப்பம் புதிதல்ல. நம் ஊருக்கு வந்த வெள்ளைக்கார மிஷனெரிகளும் இதையேதான் பட்டார்கள். 1901இல் அமெரிக்க மிஷனெரிகள் கொடைக்கானலில் பள்ளி தொடங்கியது தங்கள் பிள்ளைகளுக்காகத்தான். அப்பா அம்மா சமவெளியில் ஊழியம், பிள்ளைகள் மலையில் விடுதி. அப்படி வளர்ந்த சிலர் பெரிய மனிதர்கள் ஆனார்கள். சிலர் கடைசிவரை பெற்றோரை மன்னிக்கவில்லை. உங்கள் மகளிடம் நீங்கள் பேசிவிட்டீர்களா? கடிதத்தில் அவள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை. பதினோரு வயது, அபிப்பிராயம் இருக்கும். "எனக்குப் பிடிக்கலை" என்று அவள் சொன்னால் அதை அவிசுவாசமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தத் தோழியோடு வாரம் ஒருமுறை வீடியோ காலில் பேச வேண்டும், எதை உடன் எடுத்து வர வேண்டும் என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

மாமியார் விஷயத்தில் உங்கள் கணவரும் நாத்தனாரும்தான் பேச வேண்டும். நீங்கள் பேசினால் வேறுவிதமாகப் போகும். சபையில் அறிவிப்பு வருவதற்கு முன்பே நாத்தனாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரைப் பரிசோதனைக்கு யார் கூட்டிப்போவது, மாத்திரை யார் வாங்குவது, இரவில் விழுந்துவிட்டால் எந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறப்பார், இதையெல்லாம் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். மாமியாரிடம் உத்தரவு கேட்க வேண்டியதில்லை, ஆனால் செய்தியாகவும் சொல்லாதீர்கள். அவருக்கு எது பயம் என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் வாயைத் திறந்து பேசமாட்டார்கள் என்பதால். நீங்கள் அங்கே இருக்கும்போது இங்கே ஒரு சாவு விழுந்தால் என்ன செய்வீர்கள்? அந்த மலையிலிருந்து என்டெபே விமான நிலையத்துக்கு வரவே ஒரு பகல் ஆகிவிடும். அங்கிருந்து வளைகுடா வழியாகத் திருவனந்தபுரம், பிறகு கார். ஃப்ரீசர் பெட்டியில் வைத்துக் காத்திருந்தாலும் மூன்றாம் நாளுக்கு மேல் ஊரில் முணுமுணுப்பார்கள். யார் வருவது, யாருக்காகக் காத்திருப்பது, காத்திருக்க வேண்டாம் என்றால் அதை யார் சொல்வது என்பதைக் கணவரும் அவர் அக்கா தங்கையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளட்டும். ஒரு ஆள் போய் வரும் டிக்கெட் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு அதைத் தொடாதீர்கள்.

உங்கள் அம்மாவின் கேள்வி நல்ல கேள்வி. உகாண்டா சுவிசேஷம் கேள்விப்படாத தேசம் அல்ல. மக்கள்தொகையில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். 1885 முதல் 1887 வரை கொல்லப்பட்ட இரத்தசாட்சிகளுக்காக ஜூன் 3ஆம் தேதி தலைநகர் கம்பாலாவுக்கு அருகே நமுகொங்கோவில் கூடும் கூட்டத்தைப் பார்த்தால் நம் வேளாங்கண்ணித் திருவிழா ஞாபகம் வரும். 1930களில் அங்கே பரவிய எழுப்புதல் என்னும் ஆன்மிக எழுச்சி கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதையும் தொட்டது. அவர்களுக்குப் போய் இயேசுவை அறிமுகம் செய்யப்போவதாக நினைத்தால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உங்களைவிட நாலு மடங்கு உற்சாகமாக ஆடிப் பாடும் பாட்டிமார்களைப் பார்த்துத் திகைத்துப்போவீர்கள். உங்களைக் கூப்பிடுவது பிரசவம் பார்க்கவும், பார்க்கச் சொல்லிக்கொடுக்கவும். நீங்கள் திரும்பும்போது அந்த வார்டை நடத்த அந்த ஊர்ப் பெண் ஒருத்தி தயாராக இருக்க வேண்டும் என்று இப்போதே கேட்டு, யாரை என்று பெயர் வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அதுதான் பதில்.

அங்கே உங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும். வெள்ளைக்காரருக்கு 'முசுங்கு', இந்தியருக்கு 'முஹிண்டி'. முஹிண்டி என்றால் அவர்கள் கண்ணில் கடைக்காரர், முதலாளி. 1972இல் இடி அமீன் ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னதும், பிறகு பலர் திரும்பி வந்து தொழிலைப் பிடித்ததும் அந்த நாட்டின் நினைவில் இருக்கிறது. சந்தையில் விலை கூடும், கடன் கேட்பார்கள், நம்பிக்கை மெதுவாகத்தான் வரும். தென்மேற்கில் யாரைப் பார்த்தாலும் முதலில் "அகண்டி" என்று நலம் விசாரிக்க வேண்டும், "நிமருங்கி" என்று பதில் வரும், அதன்பிறகுதான் வேலைப் பேச்சு. மதுரை வார்டில் நுழைந்ததும் "அந்த ட்ரிப்பை மாத்தியாச்சா?" என்று கேட்பது போல அங்கே கேட்டால், முதல் வாரத்திலேயே திமிர் பிடித்தவள் என்று பெயர் எடுத்துவிடுவீர்கள். நம்மிடம் நிறம் பார்க்கிற புத்தியும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். கறுப்பு என்று நாம் சிரித்துப் பேசும் பேச்சு பிள்ளைகள் வாயில் அப்படியே வரும். கிளம்புமுன் வீட்டில் அதை நிறுத்துங்கள்.

உங்கள் நாசரேத்துக்கு அதிக தூரமில்லாத வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டு மேடையில் ஏறி, மேற்கத்திய மிஷனெரிகள் நிறையக் கொடுத்தார்கள், தங்களையே வருத்திக்கொண்டார்கள், அதற்கு நன்றி, ஆனால் எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அவையில் இருந்த பலருக்கு அது உறைத்தது. அன்று நாம் கேட்கிற இடத்தில் இருந்தோம். உகாண்டாவில் நீங்கள் வெள்ளைக்காரர் இருந்த இடத்தில் நிற்கப்போகிறீர்கள். உங்களைவிடக் குறைந்த சம்பளத்தில், உங்களைவிட அதிகமான சிக்கல் பிரசவங்களைப் பார்த்த மிட்வைஃப்கள் அங்கே இருப்பார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் மட்டோக்கே என்னும் வாழைக்காய்ச் சாப்பாடு சாப்பிடுங்கள், அவர்களையும் உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். வார்டில் எடுத்த படத்தை, அதுவும் மெலிந்த குழந்தையின் படத்தை, சபை விருந்தான அசன பண்டிகையில் திரையில் போட அனுப்பாதீர்கள். மதுரையில் ஒரு தாயின் படத்தை அப்படி எடுத்திருப்பீர்களா?

தொழில் சார்ந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்திருக்கும். டூரிஸ்ட் விசாவில் போய் வார்டில் நிற்க வேண்டாம். "முதலில் வாருங்கள், இங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று அவர்களே சொன்னாலும் சரி. உகாண்டா நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும், அதற்குத் தமிழ்நாடு கவுன்சிலின் சான்று வேண்டும். இங்குள்ள பதிவும் காலாவதி ஆகக்கூடாது. ஊசி குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அது ராத்திரி இரண்டு மணிக்கும் வார்டில் கிடைக்குமா என்று கேளுங்கள். எபோலா அந்த நாட்டில் 2000இலும் 2022இலும் வந்திருக்கிறது. 2000இல் வட உகாண்டாவின் குலுவில் லாகோர் மருத்துவமனையைத் தாங்கி நின்ற டாக்டர் மாத்யூ லுக்வியாவும் செவிலியர் பலரும் அதில் இறந்தார்கள். நோய் பரவினால் நீங்கள் நிற்பதா, பிள்ளைகளை யார் எங்கே கொண்டுபோவது என்று மருத்துவமனைக்குத் திட்டம் இருக்கிறதா என்பதையும் எழுதிக் கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுவார்கள், பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால். சான்று இல்லாமல் திரும்பினால் இங்கே ஆறு நாள் தனிமைப்படுத்திவிடுவார்கள். மலேரியாவுக்குக் கொசுவலை, காய்ச்சல் வந்த அன்றே ரத்தப் பரிசோதனை. ஊருக்குத் திரும்பியபின் காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் உகாண்டா என்று முதலில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டெங்கு, டைஃபாய்டு என்று தேடிக்கொண்டிருப்பார். எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது 'போடாபோடா' என்னும் வாடகை பைக்குகளுக்குத்தான். ராத்திரியில் அதில் ஏறவே ஏறாதீர்கள்.

பணம். மே மாதம் கிளம்புவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: ஏப்ரலில் உங்களுக்குப் பத்து வருஷம் முடிந்துவிடும். பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் பத்து வருஷம் இருந்தால் பிற்காலத்தில் மாத ஓய்வூதியம் கிடைக்கும். ராஜினாமா செய்த கையோடு பி.எஃப். பணத்தை எடுத்து ஊழியத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று உணர்ச்சிவசப்படாதீர்கள். ஐம்பத்தெட்டு வயதில் உங்களைத் தாங்கப்போவது அதுதான். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனபின் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும், வங்கியில் கேளுங்கள். சபை மாதாமாதம் தாங்குவதாகச் சொன்னால், எவ்வளவு, எத்தனை மாதம், யார் கையெழுத்து என்று எழுதி வாங்குங்கள். சபைக்குப் பொறுப்பான சேகரகுரு மாறினால் வாக்கும் மாறிப்போவதுண்டு. சபையோ டிரஸ்டோ தன் வருமானத்தை வெளிநாட்டு ஊழியத்தில் செலவிட வருமான வரிச் சட்டத்தில் தனி ஒப்புதல் தேவைப்படும், அவர்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

"ரெண்டே வருஷமா?" என்று சபையில் யாராவது கேட்பார்கள். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியாவுக்கு வந்து 1951இல் இறக்கும்வரை ஒருமுறைகூட விடுப்பில் ஊருக்குப் போகவில்லை என்பதை உங்களுக்கு எடுத்துக்காட்டுவார்கள். அவர் திருமணமாகாதவர், பத்தாம் வகுப்பு எழுதப்போகும் மகள் அவருக்கு இல்லை. அனுப்பிவைக்கும் ஆராதனையிலேயே, இரண்டு வருஷப் பணி, இந்த மாதம் திரும்புகிறார்கள் என்று குருவானவரை அறிவிக்கச் சொல்லுங்கள். மறுபடி போவதா என்பதைத் திரும்பி வந்து ஆறு மாதம் ஆனபிறகு பேசலாம்.

உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். டிசம்பரில் அங்கே பள்ளி மூடுவதற்கு முன், உங்கள் கணவர் விடுப்பெடுத்து ஒரு வாரம் அங்கே போய் வரட்டும். நீங்கள் போக வேண்டாம், அவர் மட்டும். வளாகத்தில் தங்கி, அங்குள்ள பள்ளியில் இரண்டு வகுப்பாவது எடுத்து, தலைமையாசிரியரோடு டீ குடித்துவிட்டு வரட்டும். அந்த டிக்கெட் செலவு வீண் போகாது. மருத்துவமனைக்காரர்கள் ஜனவரிதான் என்று அவசரப்படுத்தினால், டிசம்பர் கடைசியில் பதில் சொல்கிறோம் என்று எழுதிவிடுங்கள். அவர் திரும்பி வந்து, உங்கள் முகத்தைப் பார்க்காமல் தன் மனதில் இருப்பதைச் சொல்லும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.